‘கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும்’: கேட்டோ சொன்னதும் அந்நகரத்துக்கு நேர்ந்ததும்

ரோமானிய அரசியல் தலைவர் மூத்த கேட்டோ, செனட் சபையில் எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும், ‘கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும்’ என்ற வாக்கியத்தைச் சொல்லித்தான் உரையை முடிப்பாராம். இது வரலாறா, கதையா என்பது இங்கே நான் எடுத்துக்கொள்ளும் கேள்வியின் முதற்பகுதி. ஒரு மனிதர் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் ரோமுக்குப் போட்டியாக இருந்த அந்த மாநகரத்தை உண்மையிலேயே அழித்துவிட்டதா என்பது இரண்டாம் பகுதி. அவர் ஓயாமல் வற்புறுத்தினார் என்பதை நம்பலாம். ஆனால் இன்று நாம் மேற்கோள் காட்டும் சொற்களை அப்படியே அவர்தான் சொன்னார் என்பதற்குப் பண்டைய சான்று இல்லை. நகரத்தை அழிக்கும் முடிவில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. என்றாலும், கேட்டோ பேசத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையும், அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஓர் அண்டை நாட்டு மன்னனும் இல்லாவிட்டால், அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது ஐயத்துக்கு உரியது.

முதலில் வாக்கியத்தைப் பார்ப்போம். ‘கார்த்தாகோ தெலெந்தா எஸ்த்’ என்ற குறுகிய வடிவமும், ‘கேத்தெரும் கென்சேயோ கார்த்தாகினெம் எஸ்ஸே தெலெந்தம்’ என்ற நீண்ட வடிவமும் புழக்கத்தில் உள்ளன. ‘மேலும், கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து’ என்பது நீண்டதன் பொருள். இந்தச் சொல்லமைப்புகளைப் பழைய ஆசிரியர் எவரும் கேட்டோவின் நேர்ச்சொல்லாகத் தரவில்லை. பிற்காலத்து அறிஞர்கள் பல சான்றுகளை இணைத்து உருவாக்கியவை இவை. பழைய ஆசிரியர்கள் அவருடைய கருத்தைத் தங்கள் நடையில் எடுத்துச் சொல்கிறார்கள். கி.பி. 79இல் இறந்த மூத்த பிளினி, ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் கார்த்தேஜை அழித்தே ஆக வேண்டும் என்று கேட்டோ முழங்கியதாக எழுதுகிறார். வேறு எதைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டாலும் இதையே சொன்னார் என்கிறார் ஃபுளோரஸ். கிரேக்க மொழியில் எழுதிய புளூட்டார்க், ‘கார்த்தேஜ் இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது’ என்ற வடிவில் தருகிறார். இவர்களுக்கெல்லாம் முந்திய சிசரோ, கி.மு. 44இல் எழுதிய முதுமை பற்றிய உரையாடலில் கேட்டோவையே பேச வைத்து, அந்நகரம் அடியோடு அழிந்தது என்று அறியும்வரை அதைக் குறித்த அச்சம் தம்மை விட்டு நீங்காது என்று சொல்லச் செய்கிறார். சிசரோவே கேட்டோ இறந்து நூறு ஆண்டுகள் கழித்து எழுதியவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் காலத்திலேயே வாழ்ந்து, போரை நேரில் கண்ட பொலிபியஸின் நூலில் இன்று எஞ்சியுள்ள பகுதிகளில் இந்த வாக்கியம் காணப்படவில்லை. லிவி இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதிய நூல்கள் மறைந்துபோய், அவற்றின் சுருக்கங்கள் மட்டுமே நம் கைக்கு வந்துள்ளன. ஆயினும் இத்தனை பேரும் தங்களுக்குள் வேறுபட்ட சொற்களில் ஒரே பழக்கத்தைச் சொல்வதால், அந்தப் பழக்கம் உண்மையானது என்றே நான் கருதுகிறேன்.

அது ஒரு கிழவரின் விசித்திரப் பிடிவாதம் போல நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், செனட் எப்படி நடந்தது என்பதை நாம் மறந்துவிடுவதுதான். கூட்டத்தைக் கூட்டிய கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு தலைமை ஆட்சியாளருள் ஒருவர்) ஒரு பொருளை முன்வைத்தபின், உறுப்பினர்களைத் தகுதி வரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்பார். குடிமக்கள் கணக்கையும் செனட் உறுப்பினர் பட்டியலையும் கவனித்த சென்சர் பதவியும் கான்சல் பதவியும் வகித்தவர்கள் முதலில் அழைக்கப்படுவார்கள்; கடைசி வரிசைகளில் இருந்த பலருக்குப் பேச வாய்ப்பே வராது. அழைக்கப்பட்டவர் எழுந்தால் நேர வரம்பு இல்லை. கேட்ட பொருளுக்கு வருவதற்கு முன் தாம் விரும்பும் வேறு எந்தப் பொருளைப் பற்றியும், விரும்பும் அளவுக்குப் பேச அவருக்கு உரிமை இருந்தது என்று ஔலஸ் கெல்லியஸ் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதே உரிமையைப் பயன்படுத்தித்தான், கேட்டோவின் கொள்ளுப்பேரனான இளைய கேட்டோ, ஜூலியஸ் சீசர் கான்சலாக இருந்தபோது பகல் முழுவதையும் பேசியே கழிக்க முயன்றார். சீசர் அவரைச் சிறைக்கு இழுத்துச் செல்ல ஆணையிட, சபையே எழுந்து அவர் பின்னால் நடந்தது. ஆகவே, சாலைகளைப் பற்றியோ வரிகளைப் பற்றியோ நடந்த விவாதத்தில் கேட்டோ கார்த்தேஜை இழுத்து வந்தது முறைகேடு அன்று. கான்சலாகவும் சென்சராகவும் இருந்த, எண்பது வயதைக் கடந்த ஒருவர் ஒவ்வொரு விவாதத்திலும் முதல் சிலருள் ஒருவராக எழுந்து அதைச் சொல்லும்போது, பின்னால் பேசவிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள். அந்தச் சொல்லின் வலிமை பெருமளவு அந்த இடத்திலிருந்து வந்தது.

கேட்டோவின் அச்சம் நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. கி.மு. 234இல் ரோமுக்கு அருகிலிருந்த துஸ்குலும் ஊரில், உயர்பதவி எதையும் கண்டிராத குடும்பத்தில் பிறந்தவர் அவர். கார்த்தேஜின் தளபதி ஹனிபால் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கியபோது அவர் பதின்ம வயதினர். அந்தப் போரிலேயே படைவீரராக வளர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் எதிரிப் படை இத்தாலிய மண்ணில் சுற்றித் திரிந்ததையும், கி.மு. 216இல் கன்னே களத்தில் ஒரே நாளில் பல்லாயிரவர் மடிந்ததையும் கண்ட தலைமுறை அது. கி.மு. 195இல் கான்சலாகவும், 184இல் சென்சராகவும் ஆன பிறகும் அந்த நினைவு அவரிடமிருந்து அகலவில்லை. கி.மு. 150களின் பிற்பகுதியில், கார்த்தேஜுக்கும் அதன் அண்டை நாடான நுமிடியாவின் மன்னன் மசினிஸ்ஸாவுக்கும் இடையிலான எல்லைத் தகராறைத் தீர்க்க அனுப்பப்பட்ட தூதுக்குழுவில் ஒருவராக அவர் கார்த்தேஜுக்குப் போனார். தோற்று ஒடுங்கிய நகரத்தை எதிர்பார்த்தவருக்கு, வயல்கள் செழித்து, மக்கள் பெருகி, கருவூலம் நிறைந்த நகரம் காணக் கிடைத்தது. அங்கிருந்து திரும்பிய பிறகே அந்த முழக்கம் தொடங்கியது.

அத்திப்பழக் கதை இங்கேதான் வருகிறது. புளூட்டார்க்கின்படி, செனட்டில் தம் தோகா ஆடையின் மடிப்பை உதறுவது போலச் செய்து கேட்டோ ஆப்பிரிக்க அத்திப்பழங்களைத் தரையில் விழவிட்டார். அவற்றின் பருமனையும் அழகையும் உறுப்பினர்கள் வியந்தபோது, இவை விளையும் நாடு ரோமிலிருந்து மூன்று நாள் கடற்பயணத் தொலைவில்தான் இருக்கிறது என்றார். பிளினி இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: பருவத்துக்கு முன்பே பழுத்த ஒரே ஒரு பழம், அதைக் காட்டி, ‘இது எப்போது பறிக்கப்பட்டது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டோ கேட்க, புதிதாகப் பறித்தது என்று அனைவரும் ஒப்புக்கொள்ள, ‘இரண்டு நாளைக்கு முன் கார்த்தேஜில் பறித்தது, நம் மதிலுக்கு அவ்வளவு அருகில் நம் பகைவன் இருக்கிறான்’ என்று முடித்தார். இந்தக் காட்சியில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டோ எழுதிய வேளாண்மை நூல்தான் இலத்தீன் உரைநடையில் முழுமையாக எஞ்சியவற்றுள் மிகப் பழையது. அதில் எந்த மண்ணில் எந்த அத்தி வகையை நட வேண்டும் என்று சொல்லும் இடத்தில், களிமண் பாங்கான திறந்த நிலத்துக்கு ஒரு வகையையும், கொழுத்த நிலத்துக்கு அல்லது எருவிட்ட நிலத்துக்கு வேறு சில வகைகளையும் குறிப்பிடுகிறார். அந்தப் பின்னைய பட்டியலில் முதலில் நிற்பது ஆப்பிரிக்க அத்தி. அதாவது, இத்தாலியத் தோட்டத்திலேயே வளர்ந்த அந்த வகை அவருக்கு நன்கு பழக்கமானது. எனவே சபையில் விழுந்த பழம் அவர் சொந்தத் தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. மறுபுறம், மிக மென்மையான காற்றிலும் ஆப்பிரிக்காவிலிருந்து ஓஸ்தியா துறைமுகத்தை இரண்டாம் நாளே அடைந்துவிடலாம் என்று பிளினியே வேறோர் இடத்தில் சொல்வதால், பயணக்கணக்கு பொய் இல்லை. பழம் எங்கிருந்து வந்திருந்தாலும், நீண்ட வாதத்தால் உணர்த்த முடியாத தொலைவைக் கண்ணால் காட்டிய அந்தத் திறமையை மறுக்க முடியாது.

கேட்டோவின் பேச்சுநடை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இன்னொரு துணுக்கு உதவுகிறது. ஹெரென்னியஸ் என்பவருக்கு எழுதப்பட்ட பழைய பேச்சுக்கலை நூலொன்றில், திரும்பக் கூறும் அணிக்கு எடுத்துக்காட்டாக ஒரு பகுதி வருகிறது: ‘உடன்படிக்கைகளை அடிக்கடி முறித்தவர்கள் யார்? கார்த்தேஜியர். மிகக் கொடூரமாகப் போர் நடத்தியவர்கள் யார்? கார்த்தேஜியர். இத்தாலியை உருக்குலைத்தவர்கள் யார்? கார்த்தேஜியர். இப்போது மன்னிப்பு வேண்டுகிறவர்கள் யார்? கார்த்தேஜியர்.’ அந்நூல் பேசியவரின் பெயரைச் சொல்லவில்லை. அது கேட்டோவின் இறுதிக்கால உரையை ஒட்டியது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரே சொல்லை அடிமேல் அடியாக இறக்கும் அந்த முறையைப் பார்க்கும்போது எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

இந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு மனிதர் இருக்கிறார். அவரை விட்டுவிடுவது நியாயமில்லை. இருமுறை கான்சலாகவும் ஒருமுறை சென்சராகவும் இருந்த பப்ளியஸ் ஸ்கிப்பியோ நாசிகா, ஹனிபாலை வென்ற மூத்த ஸ்கிப்பியோவின் மருமகன். கேட்டோ ஒவ்வொரு முறையும் ‘இருக்கக் கூடாது’ என்று முடித்தபோது, இவர் தம் முறை வந்ததும் ‘கார்த்தேஜ் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது’ என்று முடித்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். முறையான காரணமின்றிப் போர் தொடுக்கக் கூடாது என்பது அவர் வாதங்களில் ஒன்று என்று லிவியின் சுருக்கங்களிலிருந்து அறிகிறோம். மற்றொன்று இன்னும் ஆழமானது. வெற்றிச் செருக்கால் ரோமானிய மக்கள் கட்டுமீறிக்கொண்டிருந்தார்கள். ரோமை வெல்லும் அளவுக்கு வலிமை இல்லாத, ஆனால் இகழ்ந்து ஒதுக்கிவிடவும் முடியாத ஒரு பகைவன் எதிரே இருப்பதே அவர்களுக்குக் கடிவாளம் என்று அவர் கருதியதாகப் புளூட்டார்க் விளக்குகிறார். ஒரு நகரத்தைக் காப்பாற்ற இந்த வாதம் போதவில்லை. நாசிகாவின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை கேட்டோவின் அச்சத்துக்குக் கிடைத்த செவிக்கு ஈடாகவில்லை.

அந்த வாக்கியம்தான் நகரத்தை அழித்ததா என்ற இரண்டாம் பகுதிக்கு இப்போது வருகிறேன். ஹனிபாலோடு ரோம் நடத்திய இரண்டாம் பியூனிக் போர் முடிந்த கி.மு. 201ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, கார்த்தேஜ் பத்துக் கப்பல்களைத் தவிர மற்றப் போர்க்கப்பல்கள் அனைத்தையும் ஒப்படைத்தது. 10,000 தலந்து (பழைய நிறை அளவு) வெள்ளியை 50 ஆண்டுகளில் செலுத்த ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே எங்கும் போரிடக் கூடாது, உள்ளேயும் ரோமின் இசைவின்றிப் போரிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஏற்றது. இந்தக் கடைசி விதிதான் கழுத்தில் விழுந்த சுருக்கு. மசினிஸ்ஸா கார்த்தேஜின் நிலங்களைத் துண்டு துண்டாகப் பறித்துக்கொண்டே போனான். எதிர்த்து ஆயுதம் எடுத்தால் உடன்படிக்கை முறியும், ரோமிடம் முறையிட்டால் தூதுக்குழு வந்து பெரும்பாலும் மன்னனுக்குச் சாதகமாகவே முடிவெடுக்கும். தண்டத்தொகையின் கடைசித் தவணை கி.மு. 151இல் முடிந்தது. அதே காலத்தில் பொறுமை இழந்த கார்த்தேஜ் மசினிஸ்ஸாவின் மீது படையெடுத்துப் படுதோல்வி அடைந்தது. ரோமுக்கு வேண்டியிருந்த காரணம் கையில் வந்து விழுந்தது. ரோமானியர்கள் உள்ளுக்குள் முன்பே முடிவெடுத்துவிட்டு, வெளியுலகுக்குச் சொல்லத்தக்க ஒரு காரணத்துக்காகக் காத்திருந்தார்கள் என்று பொலிபியஸ் வெளிப்படையாகவே எழுதுகிறார். அவர் அந்த ஆட்சியாளர்களோடு நெருங்கிப் பழகியவர் என்பதால் இந்தச் சாட்சியத்துக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். கேட்டோ செய்தது அந்த முடிவைச் சபையின் மனத்தில் பழக்கமாக்கியது. வாய்ப்பு வந்தபோது, அது யாருக்கும் புதிதாகவோ கொடிதாகவோ ஒலிக்கவில்லை.

அதற்குப் பின் நடந்தவற்றை அப்பியன் விவரிக்கும் விதத்தில் படிப்பவர் எவரும் இந்த வாக்கியத்தை அதன்பின் விளையாட்டாகச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். கி.மு. 149இல் போர் அறிவிக்கப்பட்டதும் கார்த்தேஜ் சரணடைந்தது. ரோமானியர்கள் உயர்குடிப் பிள்ளைகள் 300 பேரைப் பிணையாக அனுப்பச் சொன்னார்கள். தாய்மார்கள் கதறக் கதற அனுப்பினார்கள். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். 2,00,000 பேருக்கான போர்க்கவசங்களையும் 2,000 கல்லெறி பொறிகளையும் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையில் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கான்சல்கள் கடைசி ஆணையை வெளியிட்டார்கள்: நகரத்தை விட்டு வெளியேறி, கடலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்ளே எங்கேனும் குடியேறுங்கள், இந்த நகரம் இடிக்கப்படும். கடல் வாணிபத்தால் வாழ்ந்த மக்களுக்கு அது மரண ஆணை. அவர்கள் மறுத்தார்கள். கோயில்களும் பொது மண்டபங்களும் பட்டறைகளாயின. ஆணும் பெண்ணும் இரவு பகலாக வேலை செய்து நாளொன்றுக்கு 100 கேடயங்களும் 300 வாள்களும் செய்தார்கள். பொறிகளுக்குக் கயிறு இல்லாததால் பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். ஆயுதமற்ற அந்நகரம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

கேட்டோ முடிவைப் பார்க்கவில்லை. போர் தொடங்கிய ஆண்டிலேயே, 85 வயதில் இறந்தார். ஆப்பிரிக்காவில் இளம் அதிகாரியாகத் திறமை காட்டிய ஸ்கிப்பியோ எமிலியானஸைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவன் ஒருவனுக்குத்தான் அறிவு இருக்கிறது, மற்றவர்கள் அலையும் நிழல்கள் என்று ஹோமரின் அடியைச் சொன்னார் என்பார்கள். அந்த ஸ்கிப்பியோதான் கி.மு. 147இல் தலைமை ஏற்றுத் துறைமுக வாயிலைக் கல்லால் அடைத்து, 146 வசந்தத்தில் நகரத்துக்குள் புகுந்தார். ஆறு நாள் இரவு பகலாகத் தெருச்சண்டை நடந்தது. நகரத்தின் கோட்டையான பிர்ஸா குன்றிலிருந்து 50,000 பேர் வெளியே வந்து சரணடைந்தார்கள். அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். எரியும் நகரத்தைப் பார்த்த ஸ்கிப்பியோ கண்ணீர் விட்டு, புனித டிராய் அழியும் நாள் வரும் என்ற இலியட் அடிகளைச் சொன்னதாகவும், தம் நாட்டுக்கும் ஒருநாள் இது நேரும் என்று அஞ்சியதாகவும் அருகில் நின்ற பொலிபியஸ் எழுதிவைத்தார். நிலத்தில் உப்பைத் தூவினார்கள் என்ற செய்தியைப் பண்டைய ஆசிரியர் ஒருவரும் சொல்லவில்லை, அதை விட்டுவிடலாம். அழிவிலிருந்து ரோம் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்ட செனட், கார்த்தேஜியரான மாகோ எழுதிய 28 தொகுதி வேளாண்மை நூலை மட்டும் இலத்தீனில் மொழிபெயர்க்க ஆணையிட்டது. கேட்டோ தம் வேளாண்மை நூலை ஏற்கெனவே எழுதியிருந்த நிலையிலும் இப்படிச் செய்தார்கள் என்று பிளினி குறிப்பிடுகிறார்.

பிற்காலத்தில் இந்த வாக்கியம் பல வாய்களில் ஏறியது. 1673இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அதை டச்சுக்காரர்களுக்கு எதிராகப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸ் வானொலியில் ழான் ஹெரோல்ட்-பாக்கி, ‘இங்கிலாந்து, கார்த்தேஜைப் போல, அழிக்கப்படும்’ என்று நாள்தோறும் தம் பேச்சை முடித்தார். போருக்குப் பின் துரோகக் குற்றத்துக்காக 1945இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெர்மன் மொழியில் இன்றும், ஒருவர் ஓயாமல் எழுப்பும் கோரிக்கையை ‘கேத்தெரும் கென்சேயோ’ என்றே சொல்கிறார்கள். வரிச் சீர்திருத்தத்துக்கும் நகராட்சிச் சாலைக்கும் அதைப் பயன்படுத்துவதில் தீங்கில்லைதான். ஒரு மக்கள் கூட்டத்தின் மீது அதைத் திருப்புகிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்கு அந்த 300 பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

கார்த்தேஜின் அழிவு ரோமுக்கு நன்மை செய்ததா என்பதை ரோமானியர்களே கேட்டுக்கொண்டார்கள். போட்டியாக இருந்த கார்த்தேஜ் வேரோடு அழிந்த பின்னரே பணத்தாசையும் பதவி ஆசையும் தலைதூக்கின என்று சலஸ்ட் எழுதினார். நாசிகாவின் எச்சரிக்கை பலித்துவிட்டது என்று நினைக்கத் தூண்டும் கூற்று அது. ரோமின் உள்நாட்டுக் கலகத்துக்கு நிலமிழந்த உழவர்களும், தளபதிகளைச் சார்ந்து நின்ற படைகளும் காரணம் என்பதால், ஒரு பகைவன் இல்லாமற்போனதை மட்டும் காரணமாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் கார்த்தேஜ் வீழ்ந்து பதின்மூன்றே ஆண்டுகளில், கி.மு. 133இல், நிலச் சீர்திருத்தம் கேட்ட டைபீரியஸ் கிராக்கஸ் ரோம் நகருக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிச் சென்றவர், கார்த்தேஜ் இருக்க வேண்டும் என்று வாதாடிய நாசிகாவின் சொந்த மகன்.